மறு: ‘லிமிட்டெட் டார்ட்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள நண்பர்களுக்கு,

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கார் காப்பீடு எடுப்பவர் ‘ஃபுல் டார்ட்’, ‘லிமிட்டெட் டார்ட்’ என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘டார்ட்’ என்பது ஒருவர் இழைத்த தீங்குக்கு ஈடு கேட்டு வழக்குப் போடுவதைப் பற்றிய சட்டம். ‘லிமிட்டெட்’ மலிவு, ஆனால் விபத்தில் பட்ட வேதனைக்கு ஈடு கேட்கும் உரிமை அதில் குறையும். இவற்றுக்குத் தமிழ்ச் சொல் தேடும் பேச்சில் வந்த யோசனைகளுக்கு என் பதில்:

> ‘டார்ட்’டுக்குத் தீங்கியல் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. முழுத் தீங்கியல், வரம்புத் தீங்கியல் என்றால் போதுமே?

சட்டப் பாடநூலுக்குத் தீங்கியல் சரி. ஆனால் இந்தச் சொல் போய்ச் சேரப்போவது பென்சில்வேனியாவில் கார் காப்பீட்டுப் படிவத்தை வைத்துக்கொண்டு யோசிப்பவரிடம். ‘வரம்புத் தீங்கியல்’ என்று படித்தால் அவருக்கு என்ன புரியும்? பிரீமியம் குறைவாக இருப்பதுதான் கண்ணில் படும், கையெழுத்துப் போட்டுவிடுவார்.

> வரம்புள்ள வழக்குரிமை

இது இன்னும் நெருங்கி வருகிறது. ஆனால் வழக்கே போட முடியாது என்று நினைக்க வைத்துவிடும். பென்சில்வேனியாவில் 1990-இல் வந்த சட்டப்படி, மலிவான தெரிவை எடுத்தவரும் மோதியவர் மீது வழக்குப் போடலாம். தன் பாலிசி கொடுத்தது போக மீதி மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாததால் இழந்த சம்பளம் இரண்டையும் கேட்கலாம். அவர் விட்டுக்கொடுப்பது ரசீது காட்ட முடியாத இழப்பை: கழுத்து வலியில் தூங்காத இரவுகள், குழந்தையைத் தூக்க முடியாத மாதங்கள். அதிலும் விலக்கு உண்டு. மரணம், உடல் இயக்கத்தில் கடும் பாதிப்பு, நிரந்தரமான கடும் உருக்குலைவு என்றால் இதையும் கேட்கலாம். மோதியவர் குடித்துவிட்டு ஓட்டியதற்காகத் தண்டிக்கப்பட்டாலோ, அவர் வண்டி வேறு மாநிலப் பதிவாக இருந்தாலோ, அவருக்குக் காப்பீடே இல்லாவிட்டாலோ வரம்பு விலகிவிடும்.

ஆகவே சொல்லுக்குள் வரவேண்டியது அந்தத் துயரத்துக்கான ஈடு. இழப்பீடு, காப்பீடு போல ‘துயரீடு’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. முழுத் துயரீடு, வரம்புத் துயரீடு. முன்பு இங்கே வந்த ‘வலியீடு’ நல்ல சொல்தான், ஆனால் அவசரத்தில் ‘வெளியீடு’ என்று படித்துவிடுவோம்; பிழை என்று யாராவது திருத்தியும் விடுவார்கள். ‘நோவீடு’ நோ வீடு என்று பிரியும். மேலும் இவை இரண்டும் உடல் நோவோடு நின்றுவிடுகின்றன. விபத்துக்குப் பிறகு காரில் ஏறவே நடுங்குகிறவரின் வேதனையும் துயரில் அடங்கும்.

சொல் எதுவானாலும் பக்கத்தில் ஒரு குறிப்பு கட்டாயம் வேண்டும். பாலிசி எடுத்தவர் போடும் கையெழுத்து, அதே பாலிசியின் கீழ் வரும் வீட்டாரையும் கட்டுப்படுத்தும். கணவர் மிச்சப்படுத்தும் பிரீமியத்துக்காக மனைவியும் தன் உரிமையை இழக்கிறார், பல நேரம் தனக்குத் தெரியாமலே. இதைச் சொல்லாமல் சொல்லை மட்டும் கொடுப்பது அநியாயம். அப்புறம், ஒன்றையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால் பென்சில்வேனியாவில் முழுத் துயரீடு. ஆற்றைத் தாண்டிப் பக்கத்து மாநிலமான நியூஜெர்சிக்குப் போனால் தலைகீழ், அங்கே வரம்புதான் தானாக வரும். வீடு மாறுகிறவர்கள் இதில்தான் ஏமாறுவார்கள்.

மேலே விலக்காகச் சொன்ன மரணம், கடும் பாதிப்பு, உருக்குலைவு மூன்றையும் சட்டம் ‘சீரியஸ் இஞ்சுரி’ என்கிறது. அதற்குக் ‘கடுங்காயம்’ என்று வைத்திருக்கிறேன். ஆனால் மரணமும் அதற்குள் அடங்குவதால், மரணத்தைக் காயம் என்று எழுத மனம் ஒப்பவில்லை. ‘கடுங்கேடு’ பொருந்துமா? சட்டம் படித்தவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்.