மத்திய அரசு மானியம்: பயன்பாட்டுச் சான்றிதழும் ஆடிட் கணக்கும் ஒத்துப்போகவில்லை

சிறப்புப்பள்ளி அலுவலகம்:
வணக்கம். மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்புப் பள்ளி நடத்தும் ஓர் அறக்கட்டளைக்காகக் கேட்கிறேன். மத்திய அமைச்சகம் ஒன்றின் மானியம். தொடக்க இருப்பு 40,000, ஆண்டில் வந்தது 9,00,000, வங்கி வட்டி 8,500. மார்ச் 31 அன்று வங்கி இருப்பு 78,500. ஆனால் ஆடிட்டரின் வருமான செலவினக் கணக்கில் செலவு 9,12,000 என்று இருக்கிறது. அதில் ஏப்ரலில் கொடுத்த மார்ச் சம்பளம் 62,000, தேய்மானம் 30,000 உண்டு. 50,000க்கு வாங்கிய பிசியோதெரபி உபகரணம் சொத்துப் பக்கம் போய்விட்டது. பயன்பாட்டுச் சான்றிதழில் 9,12,000 போட்டு அமைச்சகத்துக்கு அனுப்பினோம், திருப்பி அனுப்பிவிட்டார்கள். எந்தத் தொகையைப் போடுவது? வட்டியைச் செலவு செய்யலாமா?

தணிக்கைமேசை:
திருப்பி அனுப்பியது சரிதான். பயன்பாட்டுச் சான்றிதழ் பணம் போன வழியைக் காட்டுவது. அதற்கு அடிப்படை, உண்மையில் வந்த, போன பணத்தை மட்டும் காட்டும் வரவு–கொடுப்புக் கணக்கு. கொடுக்க வேண்டிய பாக்கியையும் தேய்மானத்தையும் சேர்க்கும் வருமான செலவினக் கணக்கு அல்ல. உங்கள் 9,12,000இலிருந்து மார்ச் 31 வரை கொடுக்காத சம்பளம் 62,000ஐக் கழியுங்கள். தேய்மானம் 30,000ஐயும் கழியுங்கள். தேய்மானம் போடும் சொத்துக்கு, வாங்கிய ஆண்டிலேயே முழு விலையும் சான்றிதழில் செலவாகக் காட்டியாகிவிடும், இப்போது மறுபடி காட்டினால் இரட்டைக் கணக்கு. உபகரணத்துக்குக் கொடுத்த 50,000ஐக் கூட்டுங்கள். 8,70,000 வருகிறது. அதுதான் சான்றிதழில் போக வேண்டிய தொகை.

மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில் சான்றிதழுக்கென்று உள்ள படிவம் 12-ஏயில் இது இப்படி உட்காரும்: முந்தைய இருப்பு 40,000, வட்டி 8,500, அரசுக்குத் திருப்பிக் கட்டிய வட்டி இன்னும் இல்லை, புதிய மானியம் 9,00,000. மொத்தம் 9,48,500. செலவு போக 78,500. பாஸ்புக்கோடு பைசா பிசகாமல் நிற்கிறது பாருங்கள். மானியத்துக்கென்று தனிக் கணக்கு வைத்திருப்பதால்தான் இது சாத்தியம். நன்கொடையும் மானியமும் ஒரே கணக்கில் கலந்திருந்தால் இந்த இடத்தில் வாரக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டும்.

இரண்டு தொகைக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கி அரைப் பக்கச் சமன்செய் குறிப்பு ஒன்று தயாரித்து, ஆடிட்டர் கையெழுத்தோடு இணையுங்கள். அந்த 62,000 சம்பள பாக்கி என்பதையும் அதிலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் மிச்சப் பணம் என்று நினைத்து அடுத்த மானியத்தில் கழித்துக்கொள்வார்கள். தொடர் மானியத்தில் முந்தைய இருப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது விதி.

காசாளர் குறிப்பு:
வட்டியைத் தொடாதீர்கள். நம் கணக்கில் விழுந்தது நமக்குத்தானே என்று பல அறக்கட்டளைகள் அதை ஸ்டேஷனரி செலவில் கரைத்துவிடுகின்றன. மானியத்தில் வந்த வட்டி முழுவதும், கணக்கு இறுதியானவுடன் மத்திய அரசின் பொதுக் கருவூலமான இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போக வேண்டும். மத்திய அரசுக்குப் பணம் கட்டும் இணையதளமான பாரத்கோஷில் கட்டலாம். அமைச்சகத்தின் பெயரும் கணக்குத் தலைப்பும் சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். தவறான தலைப்பில் போனால் பணம் அரசிடம் இருக்கும், ஆனால் உங்கள் கோப்பில் பாக்கி என்றே நிற்கும். ரசீது எண்ணை அடுத்த சான்றிதழில் காட்டுங்கள்.

மானியப் பணத்தை வைத்திருக்கும் மத்திய முகமையின் கீழ் வரும் பூஜ்ய இருப்புக் கணக்கு என்றால் இந்த வட்டித் தலைவலி இல்லை, உங்கள் கணக்கில் பணம் தங்காது, செலவுக்கான பணம் அங்கிருந்துதான் நேராகப் போகும்.

தணிக்கைமேசை:
ஒன்று விட்டுப்போனது. மொத்தம் சரியாக இருந்தாலும் தலைப்பு வாரியாகப் பார்ப்பார்கள். பொது, சம்பளம், மூலதனச் சொத்து என்று மூன்று வகை. ஒப்புதல் ஆணையில் எதற்கு எவ்வளவு என்று இருக்கும். அந்த 50,000 மூலதனத் தலைப்பில் வந்த பணமா என்று பாருங்கள். பொதுத் தலைப்புப் பணத்தில் உபகரணம் வாங்கியிருந்தால், அனுமதிக் கடிதம் இல்லாமல் அதை ஏற்க மாட்டார்கள். சப்ளையருக்குக் கொடுத்த முன்பணமும் செலவு அல்ல. பொருள் வந்து, பில் வந்து, இருப்புப் பதிவேட்டில் ஏறிய பிறகுதான் செலவு.

மூன்றாம்தவணை:
மானிய ஒப்புதல் ஆணை மார்ச் 28 தேதியிட்டு, பணம் ஏப்ரல் 3 அன்று வந்து விழுவது வழக்கமான குளறுபடி. அமைச்சகம் முந்தைய ஆண்டில் எழுதும், உங்கள் வங்கி அடுத்த ஆண்டில் காட்டும். ஆணை எண், தேதி, வரவான தேதி மூன்றையும் குறிப்பில் சேர்த்து எழுதிவிடுங்கள்.

பில்களில் ஒரு முத்திரை: ஆணை எண், "இம்மானியத்தில் செலுத்தப்பட்டது". அதே பில் வேறொரு நன்கொடையாளருக்கும் போய்விடாமல் இருக்க இதுவே எளிய வழி. ஒரே வேலைக்கு வேறு துறையிடமோ மாநில அரசிடமோ மானியம் வாங்கவில்லை என்று விண்ணப்பத்தில் நீங்கள் சான்றளித்திருக்கிறீர்கள், மறக்க வேண்டாம். வாடகை, மின்கட்டணம் போன்ற பொதுச் செலவைப் பரப்பளவின்படியோ மாணவர் எண்ணிக்கைப்படியோ பிரிக்கலாம். ஆனால் எந்த முறை என்று அறங்காவலர் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, ஆண்டுக்கு ஆண்டு மாற்றாமல் வைத்திருங்கள்.

சிறப்புப்பள்ளி அலுவலகம்:
மிக்க நன்றி. சான்றிதழுக்கு 12 மாதம் அவகாசம் என்கிறார்களே, அவசரப்பட வேண்டுமா? பழைய மானியத்தில் வாங்கிய பள்ளி வேன் ஒன்று ஓடாமல் நிற்கிறது, அதை விற்கலாமா?

காசாளர் குறிப்பு:
12 மாதம் என்பது நிதியாண்டு முடிந்ததிலிருந்து, அது வெளி எல்லை. சென்ற ஆண்டு மானியத்தின் ஆடிட் ஆன கணக்கு போகாமல் இந்த ஆண்டு ஒப்புதலில் 75 சதவீதத்துக்கு மேல் விடுவிக்க மாட்டார்கள். கடைசிக் கால் பங்கு வர வேண்டுமானால் ஜூன், ஜூலைக்குள் முடித்துவிடுங்கள். சான்றிதழில் நிதிப் பொறுப்பாளர், நிறுவனத் தலைவர் இருவர் கையெழுத்தும் வேண்டும்.

வேனை முன் அனுமதி இல்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. முழுவதுமாகவோ பெருமளவிலோ அரசுப் பணத்தில் வாங்கியது என்றால் அறக்கட்டளை பெயரில் ஆர்.சி. இருந்தாலும் இதே கதைதான். சொத்துப் பதிவேட்டின் நகல், பழுது பற்றிய மெக்கானிக்கின் அறிக்கை, மதிப்பீடு மூன்றையும் வைத்து ஆணை வழங்கிய அதிகாரிக்கு எழுதுங்கள். விற்ற தொகையை என்ன செய்வது என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள், பிறகு தனியாகக் கேட்டால் இன்னொரு கோப்பு திறப்பார்கள்.