மழையிலயும் பனியிலயும் நம்ம ராமநாதபுரம் கரையில பார்த்த கைவேலை: மனசை விட்டுப் போகாதது இருந்தா எழுதுங்க

சாயல்குடி மருமக:
நானே ஆரம்பிக்கிறேன். நரிப்பையூர் பக்கம் ஒரு ஆத்தா, பெட்டி முடையிறவங்க. கருப்பட்டி வைக்க மூடி போட்ட பெட்டி ஒண்ணு வேணும்னு மார்கழியில போனேன். உச்சி நேரம். வாடைக்காத்து வீசி அடிக்குது. ஓலை கட்டுக்கட்டா சாத்தியிருக்கு, ஆத்தாவும் சும்மாதான் உக்காந்திருக்காங்க. ஆனா தொடமாட்டேன்னுட்டாங்க. "இந்தக் காத்துல வளைச்சா படக்குன்னு ஒடியும் தாயி. நாளைக்கு வெள்ளன வா."

வெள்ளன போனா முத்தத்துல குருத்தோலை விரிச்சுக் கிடக்கு. ராத்திரிப் பனி இறங்கி தொட்டாக் குழையுது. ஈர்க்கை உருவிப் போட்டுட்டு கட்டைவிரல் நகத்தாலயே ஓலையை வார்றாங்க. கத்தி கிடையாது, அளவு கிடையாது, ஆனா எல்லா வாரும் ஒரே அகலம். அந்த நகத்துக்கு நடுவுல நெட்டுக்க ஒரு பள்ளம். எத்தனை வருசமா ஓலை ஓடின தடமோ.

அடி போட்டதும் தலை நிமிராமக் கேட்டாங்க: "வீட்டுக்கா, சீருக்கா?"

வீட்டுக்குன்னேன்.

"அப்ப ரெட்டை ஓலை போடணும். சீருக்குன்னா ஒத்தை போதும்."

ஏன் ஆத்தான்னேன். "சீர்ப்பெட்டியில யாரு என்னத்த வச்சுப் பொழங்கப் போறா? சபையில காட்டிட்டு பரண்ல ஏத்திருவாக"ன்னாங்க. சிரிக்கக்கூட இல்ல, அடுத்த வாரை எடுத்துட்டாங்க. வீட்டுக்கு வந்ததும் ஏணி போட்டு ஏறி, என் கல்யாணத்துக்கு வந்த பெட்டிகளை இறக்கிப் பார்த்தேன். எல்லாம் ஒத்தை.

கமுதி ரோடு:
தங்கச்சி, எழுதினது நல்லாருக்கு. ஆனா ஓலையைப் பனியில போடுறதெல்லாம் சரியில்ல. எங்க பக்கம் தண்ணி தெளிச்சு ஈரச்சாக்குல சுத்தி வைப்பாங்க. பனியில தொடர்ந்து கிடந்தா ஓலையில கருப்புப் புள்ளி விழும்.

என் அனுபவம் சின்னதுதான். எங்க ஐயா வீட்டை இடிக்கும்போது பரண்ல ஒரு நார்ப்பெட்டி கிடைச்சது, உள்ள கருப்பட்டி. வாயில போட்டா நல்லாவே இருந்துச்சு. அதை யாரு எப்ப வச்சாங்கன்னு வீட்டுல ஒருத்தருக்கும் தெரியல. அம்புட்டுதான்.

இப்ப எல்லாருக்கும் சொல்றேன், மழைக்காலத்துல ஓலைப்பெட்டியை எப்படி வச்சுக்கணும்னு. பிளாஸ்டிக் பையில போட்டுக் கட்டி வைக்காதீங்க, உள்ள வேர்த்து ரெண்டே வாரத்துல பூசணம் பிடிக்கும். தரையில வைக்காதீங்க, சுவத்தோட ஒட்டியும் வைக்காதீங்க. காத்தோட்டமா தொங்கவிடணும். விறகடுப்பு இருக்கிற வீடா இருந்தா அடுப்புக்கு மேல தூக்கிக் கட்டுங்க, புகை பட்டா வண்டு அண்டாது. கருப்பட்டி ஈரக்காத்து பட்டா கசிய ஆரம்பிச்சிரும், அதனால தான் அந்தக் காலத்துல அடுப்படிப் பரண்ல வச்சாங்க. பூசணம் வந்துட்டா கழுவாதீங்க. காஞ்ச துணியால துடைச்சு ஒரு நாள் வெயில்ல கவுத்துப் போடுங்க. வார்னிஷ் அடிக்கிறவங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கிறேன், அடிக்காதீங்க. அப்புறம் ரோஸ், பச்சை, ஊதான்னு கலர் ஓலை போட்ட பெட்டி விக்கிறாங்க பாருங்க, அது கடைச் சாயத்தைக் கொதிக்கவச்சு முக்கினது. அதுல சூடா எதையும் நேரடியா வைக்காதீங்க. பூ, துணி வைக்க மட்டும் வச்சுக்கங்க. சொளகு வாங்கினா…

சாயல்குடி மருமக:
அண்ணே, நான் பெட்டியைப் பத்திரமா வைக்க வழியே கேக்கலையே! சாக்கா பனியான்னு நீங்களும் ஆத்தாவும் பேசி முடிவு பண்ணிக்கங்க. என் பெட்டியில இன்னும் ஒரு புள்ளி விழல.

கீழக்கரை வாசி:
எனக்கு உறுத்துறது தொதல். கீழக்கரை ஆளுங்களுக்கு விளக்கம் வேண்டாம், மத்தவங்களுக்கு: தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் மாவும் சேர்த்து விறகடுப்புல மணிக்கணக்கா கிண்டுற பண்டம். கைய எடுத்தா அடி பிடிச்சிரும்.

ஐப்பசி அடைமழை. எங்க வீட்டு விசேஷத்துக்கு எதிர்வீட்டு ராத்தாதான் கிண்ட வந்தாங்க. வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் ஆளாளுக்குக் கொஞ்ச நேரம் துடுப்பைப் பிடிச்சோம், ராத்தா சுவத்துல சாஞ்சு தஸ்பீஹ் உருட்டிக்கிட்டு இருந்தாங்க. கரண்ட் போயிருச்சு. அடுப்பு வெளிச்சம் மட்டும்தான், சட்டிக்குள்ள என்ன நிறம்னு ஒண்ணும் தெரியல. இன்னும் நேரமாகும்னு நாங்க பேசிக்கிட்டிருக்கோம், ராத்தா கண்ணை மூடின மேனிக்கு, "சத்தம் மாறிருச்சு. இறக்குங்க"ன்னாங்க.

இறக்கிட்டோம். விளக்கைக் கொண்டாந்து பார்த்தா எண்ணெய் பிரிஞ்சு, சட்டியை விட்டு மொத்தமா உருண்டு வருது. சரியான பதம்.

அதுக்கப்புறம் எத்தனையோ தடவை கிண்டியாச்சு. கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டும் பார்த்தாச்சு. "களக் களக்"னு இருக்கிறது "சொத் சொத்"னு ஆகுமாம், ராத்தா சொன்னாங்க. எனக்கு முதல்ல இருந்து கடைசி வரைக்கும் சொத்துன்னுதான் கேக்குது.

ரெண்டு கடல்:
பாம்பன்லேர்ந்து எழுதுறேன். மார்கழி தையில வாடைக்கு வடகடல் கொந்தளிச்சுக் கிடக்கும், தென்கடல் அடங்கி இருக்கும், உங்களுக்கே தெரியும். அந்த நாள்ல மரிக்கொழுந்து மாதிரி கடல்பாசி எடுக்கப் போற பொம்பளையாளுங்களை விடியுமுன்ன டீக்கடையில பார்க்கலாம். நீர் வத்துற நாளாப் பார்த்து, மாசத்துக்கு 12 நாளுக்கு மேல போறதில்லைன்னு அவங்களுக்குள்ளேயே பேசி வச்சிருக்காங்க. பாசி அழிஞ்சிரக் கூடாதுன்னு.

அதுல ஒரு அக்கா. நூல் சேலை, பழசு. பல்லால ஒரு ஓரத்தைக் கிள்ளிட்டு நெட்டுக்கக் கிழிக்கிறாங்க, விரல் அகலத்துக்கு. அதை விரல் ஒவ்வொண்ணுலயும் நுனியிலேர்ந்து கணு வரைக்கும் சுத்துறாங்க. நுனியில மூணு சுத்து, கணுவுல ஒரே சுத்து, மடக்க வரணுமில்ல. முடிச்சை உள்ளங்கைப் பக்கம் போடாம மேல் பக்கமாப் போட்டு பல்லால இறுக்குறாங்க. உள்ள போட்டா பாறையில மாட்டிக்கிடுமாம். டீ ஆறுறதுக்குள்ள பத்து விரலும் முடிஞ்சிருச்சு.

என்கூட வந்த சிநேகிதர் மதுரைக்காரர். அவருக்கு மனசு கேக்கல. மறுநாள் ராம்நாடு போயி கெட்டியான ரப்பர் கையுறை வாங்கியாந்து கொடுத்தார். அக்கா ஒண்ணை மாட்டி, மேசை மேல கிடந்த கல்லைத் தடவிப் பார்த்தாங்க. டீ கிளாஸைத் தடவிப் பார்த்தாங்க. கழட்டி மடிச்சு அவர் கையிலயே கொடுத்துட்டாங்க. "கல்லு எது, மரிக்கொழுந்து எதுன்னு தெரியலையே தம்பி. முங்கினா நமக்குக் கண்ணு விரல்லதான இருக்கு."

கோபமில்ல, மரியாதையாத்தான் சொன்னாங்க. அந்தக் கையுறை இன்னும் எங்க வீட்டுலதான் கிடக்கு. பாத்ரூம் கழுவுறோம்.

முத்து நகர் இல்லை முத்துக்கரை:
சேலையைக் கிழிச்சு விரல்ல சுத்துறது கைவினையா? தலைப்பு கைவேலைன்னு இருக்கு. சங்கு அறுக்கிறது, சிப்பியில மாலை கோக்கிறது, பாய் பின்னுறது, இதைப் பத்தி எழுதுங்கப்பா. நான் ராமேஸ்வரத்துல வாங்கின சிப்பி விளக்கு படம் போடவா? அதுகூட வெள்ளையா கிளை கிளையா ஒரு கடல்பூ வச்சுக் கொடுத்தாங்க, ரொம்ப அழகு.

ரெண்டு கடல்:
மூணு சுத்துக்கும் ஒரு சுத்துக்கும் கணக்கு இருக்கிற வேலை கைவேலை இல்லாம என்ன? நீங்க சொல்ற வெள்ளைக் கிளை கடல்பூ இல்ல, பவளப்பாறை. 2001-லேயே வனவிலங்குச் சட்டத்துப் பட்டியல்ல ஏத்தியாச்சு. எடுக்கவும் கூடாது, விக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. படத்தை இங்க போட்டு வம்பை இழுத்துக்காதீங்க.

முத்து நகர் இல்லை முத்துக்கரை:
தெருவுல வச்சு விக்கிறான், கேக்க ஆளில்ல. வாங்கினவனுக்கு மட்டும் சட்டமா. சரி, படம் போடல.

திருப்பாலைக்குடிக்காரி:
சண்டையை நிறுத்துங்க, நான் ஒண்ணு சொல்லணும்.

எனக்குத் தலைப்பிரசவம் மார்கழியில. அம்மா வீடு கடலைப் பார்த்த ஓட்டு வீடு. வாடை ஓட்டு இடுக்குல எல்லாம் புகுந்து வரும். எங்க அப்பத்தா கணப்பு போட்டாங்க. சீமைக்கருவேலங்கரி, நம்ம ஜில்லாவுல அதுக்கா பஞ்சம். மண்சட்டியில கரியை அள்ளி வாசல்லயே வச்சுப் பத்தவைப்பாங்க. புகையெல்லாம் போயி சிவந்து கனிஞ்சப்புறம்தான் உள்ள கொண்டாருவாங்க. கட்டிலுக்கு அடியில வைக்கமாட்டாங்க, கால்மாட்டுல எட்டத்தான் வைப்பாங்க. இதெல்லாம் சரி. கதவை மட்டும் மூடவே விடல. அம்மிக்குழவியை முட்டுக்கொடுத்து ஒரு சாண் திறந்தே வச்சிருந்தாங்க.

அந்தச் சந்து வழியா வர்ற குளிர் நேரா என் முதுகுல. எங்க அத்தை பொறுக்கமாட்டாம குழவியை நகட்டிட்டுச் சாத்தினாங்க. அப்பத்தா எழுந்து திறந்தாங்க. மறுபடி சாத்தல், மறுபடி திறப்பு. நடுராத்திரி, பிள்ளை முழிச்சிரும்னு ரெண்டு பேரும் சத்தமே இல்லாம வாயசைச்சுச் சண்டை போட்டதைப் பார்க்கணுமே. கடைசியில அப்பத்தா தாழ்ப்பாக் கட்டையையே உருவிட்டு வந்து அதைத் தலைக்கு வச்சு கதவோரமாப் படுத்துட்டாங்க. காலையில கன்னத்துல கட்டை அழுத்தின தடம்.

ஏன்னு கடைசி வரைக்கும் சொல்லல. "கரி இருக்கிற வீட்டுல கதவை மூடக்கூடாது"ன்னு மட்டும் சொன்னாங்க. அப்பாவுக்கு மூத்த அக்கா ஒருத்தங்க, பிள்ளை பெத்து நடு வீட்டுல படுத்திருந்தப்பவே ஒரு ராத்திரியில போயிட்டாங்கன்னு வீட்டுல பேச்சு உண்டு. காய்ச்சல்னு சொல்லுவாங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டான்னு கேக்க அப்பத்தா இப்ப இல்ல.

தொண்டி நர்ஸ்:
உங்க அப்பத்தா கையைப் பிடிச்சுக் கும்பிடணும். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல, மழை ராத்திரியில தலைவலி, வாந்தின்னு புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வந்தாங்க. ராத்திரி கெட்டது எதையோ தின்னுட்டோம்னு சொன்னாங்க. துணியில கரி வாடை இருந்துச்சு. பிழைச்சுட்டாங்க.

எல்லாரும் கேட்டுக்கங்க. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதுக்கு நிறமில்ல, மணமில்ல. புகை இல்லாம கனிஞ்ச கங்குலயும் அது உண்டு. "புகையே இல்லையே"ன்னு நம்பிக் கதவைச் சாத்தினா தூக்கத்துலயே மயக்கமாகி, எழுந்திருக்கவே மாட்டீங்க. கருவேலங்கரி, தேங்காய்ச் சிரட்டைக் கரி, கடையில வாங்கின பார்பிக்யூ கரி, எல்லாம் ஒண்ணுதான். கதவைத் திறந்து வச்சாலும் கணப்போட தூங்காதீங்க. உடம்பு சூடு ஏறினதும் சட்டியை வெளிய வச்சிரணும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தா தைலம் தேய்ச்சுக்கிட்டு உக்காராதீங்க, முதல்ல வெளிக்காத்துக்கு வாங்க, அப்புறம் ஆஸ்பத்திரி. பிறந்த பிள்ளைக்குக் குளிருக்குக் கணப்பே தேவையில்ல. தாயோட நெஞ்சுல சட்டையில்லாமப் போட்டு மேல துணி போர்த்தினா அதைவிடச் சூடு கிடையாது. தலைக்குக் குல்லா, காலுக்கு உறை. குளிப்பாட்டினதும் சாம்பிராணி போடுறோம்னு பிள்ளையைப் புகைக்கு நேரா தூக்கிக் காட்டுறாங்க பாருங்க, அதையும் விட்டுருங்க, அந்தச் சின்ன நெஞ்சு தாங்காது. நொச்சியும் வேப்பிலையும் கொசுவுக்குப் போடுறதா இருந்தா பிள்ளையை அடுத்த அறைக்கு மாத்திட்டுப் போடுங்க. ஆவி பிடிக்கிறதும் அப்படித்தான், பெரியவங்க மட்டும். கொதிக்கிற குண்டானை மடியில வச்சுக் கொட்டிக்கிட்டு வர்றவங்க மழைக்காலம் வந்தா ஒருத்தராவது உண்டு.

கமுதி ரோடு:
நான் பெட்டிக்கு நாலு வரி சொன்னா, கேக்கவே இல்லைன்னாங்க.

உச்சிப்புளி:
என்னோடது கிழங்கு. கார்த்திகைக் கடைசி. தோப்புல ஒரு பாட்டி பனங்கிழங்குப் பாத்தியோட ஓரத்தைக் கிளறிக்கிட்டிருந்தாங்க, பொங்கலுக்கு முத்துமா முத்தாதான்னு பார்க்க. கூட என் மக, சென்னையில படிக்கிறவ, முகத்தைச் சுளிச்சுக்கிட்டே நிக்கிறா. பாட்டி ஒரு கொட்டையை அரிவாளால ஒரே போடு. உள்ள தவுன், அதான் முளைவிட்ட கொட்டைக்குள்ள இருக்கிற பருப்பு, வெள்ளை வெளேர்னு. நுனி அரிவாளாலயே நோண்டி எடுத்து, மண்ணு ஒட்டின கையாலயே நீட்டினாங்க. பாட்டிலைத் துடைக்காமத் தண்ணிகூடக் குடிக்கமாட்டா இவ. வாங்கித் தின்னுட்டு, "இன்னொண்ணு வெட்டுங்க பாட்டி"ங்கிறா.

"இன்னொண்ணு வெட்டுனா கட்டுல ஒரு கிழங்கு குறையுமே ராசாத்தி"ன்னாங்க பாட்டி. கட்டுக்கு 25 கிழங்கு, எண்ணித்தான் வியாபாரி எடுப்பான். சொல்லிக்கிட்டே வெட்டவும் வெட்டினாங்க. நான் காசை நீட்டினா வாங்கல. கிழங்குக்குத்தான் காசாம், தவுனுக்குக் கிடையாதாம்.

கமுதி ரோடு:
கார்த்திகைக் கடைசியில தவுன் வெள்ளையா இருந்துச்சா? புரட்டாசியில போட்ட கொட்டைன்னா கிழங்கு இறங்க இறங்க தவுன் வத்திருமே. பல்லுல படாது.

உச்சிப்புளி:
பிந்திப் போட்ட கொட்டை அண்ணே. மழைக்கு முன்னால ஒரு பாத்தி, மழை விழுந்தப்புறம் ஓரமா ஒரு வரிசைன்னு போட்டிருந்தாங்க. நம்பலைன்னா உச்சிப்புளியில இறங்கிக் கூப்பிடுங்க, தோப்பைக் காட்டுறேன். சாக்கு கொண்டாங்க, பொங்கலுக்கு ரெண்டு கட்டு நீங்களும் எடுத்துக்கிடலாம்.