அப்பாவின் 2,000 புத்தகங்களைப் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுக்க என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: திருமங்கலம்_மாடிவீடு

வணக்கம். அப்பா தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். அவர் விட்டுச்சென்றது சுமார் 2,000 புத்தகங்கள். இலக்கணம், உரைநூல்கள், நாட்டுப்புறவியல், நாவல்கள், 1970களின் சிற்றிதழ்கள், கொஞ்சம் சட்டப் புத்தகங்கள், போட்டித் தேர்வுக் கையேடுகள் என்று எல்லாம் கலந்து கிடக்கின்றன. மதுரை காமராசர் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. கூடவே அப்பா பெயரில் 5 லட்சம் ரூபாயும் கொடுக்க நினைக்கிறோம். அதில் பாதி தம்பியின் பணம். அவன் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டான்.

வண்டி பிடித்து நேரே பல்கலை நகரில் கொண்டுபோய் இறக்கலாமா? தனி அலமாரி கேட்கலாமா? சில புத்தகங்களில் பூச்சி இருக்கிறது, என்ன செய்வது? பணத்தை எப்படிக் கொடுத்தால் வீணாகாது?

பதில்: நூலடுக்கு

சகோதரி, வண்டி கடைசி வேலை. முதலில் பட்டியல். பட்டியல் இல்லாமல் வந்து இறங்கும் பெட்டிகள்தான் வராந்தாவிலும் மாடிப்படிக்கு அடியிலும் வருடக்கணக்கில் கிடக்கின்றன. நூலகருக்கு மனமில்லாமல் அல்ல. ஒவ்வொரு புத்தகத்தையும் இருப்பில் உண்டா என்று பார்த்து, பதிவேட்டில் ஏற்றி, பொருள் எண் கொடுத்து, கணினியில் உள்ளிட்டு, முத்திரை குத்தி, சீட்டு ஒட்ட வேண்டும். அதற்கு ஆள் வேண்டும். இடமும் சின்ன விஷயமில்லை. புத்தகத்துக்குச் சராசரி 2 செ.மீ. தடிமன் என்று வைத்தாலும் 2,000 புத்தகம் 40 மீட்டர் ஓடும். மூன்றடி அகலம், ஆறு தட்டு உள்ள இரும்பு அலமாரி ஒன்று 5.4 மீட்டர் தாங்கும். கை நுழைய இடம் விட்டு அடுக்கினால் பத்து அலமாரி ஆகிவிடும்.

பட்டியலை எக்செல்லில் போடுங்கள். ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஊர், ஆண்டு, எத்தனையாவது பதிப்பு, தொகுதி எண், ஐஎஸ்பிஎன், நிலை, இவ்வளவு போதும். ஒருவர் வாசிக்க ஒருவர் தட்டச்சு செய்தால் மணிக்கு நாற்பது வரை போகும். யூனிகோடில்தான் அடிக்க வேண்டும். பாமினி எழுத்துருவில் அடித்து அனுப்பினால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். தலைப்பை மேலட்டையிலிருந்து எடுக்காதீர்கள். உள்ளே தலைப்புப் பக்கத்தில் உள்ளதுதான் கணக்கு.

ஆண்டு இல்லாத பழைய பதிப்புகளில் கொஞ்சம் துப்பறிய வேண்டியிருக்கும். தலைப்புப் பக்கத்தின் அடியில் ‘பிரபவ ௵’ என்று மட்டும் இருந்தால் அது 1867-68 ஆகவும் இருக்கலாம், 1927-28 ஆகவும் இருக்கலாம், 1987-88 ஆகவும் இருக்கலாம். அப்போது விலையைப் பாருங்கள். விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957க்கு முந்தியது. ‘ந.பை.’ என்று இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையில். திருவள்ளுவர் ஆண்டு போட்டிருந்தால் 31 கழியுங்கள்.

இன்னொன்று முக்கியம். ஒவ்வொரு புத்தகத்திலும் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பேராசிரியர் வீட்டு அலமாரியில் கல்லூரி நூலகத்துப் புத்தகம் நாலைந்தாவது இருக்கும். ‘கழிக்கப்பட்டது’ என்ற முத்திரை இல்லையென்றால் அது அந்த நூலகத்தின் சொத்து. அங்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எதை எடுத்துக்கொள்வார்கள்? தேர்வுக் கையேடுகளை யாரும் எடுக்கமாட்டார்கள், பழைய பேப்பர் கடைதான் கதி. சட்டப் பாடநூல்களில் இந்தியத் தண்டனைச் சட்டம் பற்றியவை 1.7.2024 முதல் மாணவருக்குப் பழசாகிவிட்டன, பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. நாவல்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே இருப்பில் இருக்கும். பல்கலைக்கழகத்துக்கு உண்மையில் அருமையானது நீங்கள் குப்பை என்று நினைத்து ஒதுக்கக்கூடியதுதான். சிற்றிதழ்கள், கோயில் தலபுராணங்கள், குடமுழுக்கு மலர்கள், சங்க ஆண்டு மலர்கள், புதுமண்டபக் கடைகளில் விற்ற அம்மானை, பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள், அச்சேறாத ஆய்வேடுகள். இவற்றைத் தனிப் பட்டியலாகப் போடுங்கள். சிற்றிதழ்களை இதழ் எண் வாரியாக அடுக்கி, எது விடுபட்டிருக்கிறது என்றும் எழுதுங்கள்.

அப்பா ஓரத்தில் எழுதிய குறிப்புகளை அழிக்காதீர்கள். உரைநூலில் ஒரு தமிழாசிரியர் பாடவேறுபாடு (படிக்குப் படி மாறும் சொல்) குறித்து வைத்திருந்தால் அந்தப் படிக்கு மதிப்பே அதுதான். அவருக்கு வந்த கடிதங்கள் இருந்தால் பிரித்து வையுங்கள். தாள் உங்களுடையது, எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருடையது. அவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு நிற்கும்.

தனி அலமாரி வேண்டும் என்று கேட்காதீர்கள் என்பது என் கருத்து. தொல்காப்பியம் தேடி வருகிற மாணவர் இலக்கண அடுக்குக்குத்தான் போவார், நன்கொடையாளர் பெயர் போட்ட மூலைக்கு வரமாட்டார். ஒவ்வொரு புத்தகத்தின் உள்ளட்டையிலும் அப்பா பெயர் அச்சிட்ட சீட்டு ஒட்டவும், கணினிப் பதிவில் நன்கொடையாளர் பெயர் ஏற்றவும் கேளுங்கள். சீட்டை நீங்களே அச்சடித்துக் கொடுத்தால் மறுப்பு இருக்காது. சிற்றிதழ்த் தொகுப்புக்கு மட்டும் தனி இடம் கேட்பது நியாயம், அதைப் பிரித்தால் பயன் போய்விடும்.

பட்டியலோடு நூலகருக்குக் கடிதம் எழுதுங்கள். எடுத்துக்கொள்வதைக் குறித்துத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். ‘இருபடியாக உள்ளவற்றை நூலகம் வேறு நூலகங்களுக்குக் கொடுக்கலாம்’ என்றோ ‘எங்களிடமே திருப்பித் தர வேண்டும்’ என்றோ ஒரு வரி கட்டாயம் சேருங்கள். அந்த வரி இல்லாமல்தான் பின்னால் மனத்தாங்கல் வருகிறது.

பதில்: பைண்டிங்_மேசை

அக்கா, பூச்சிக்கு மட்டும் சொல்கிறேன். முதலில் பூச்சிப் புத்தகங்களை வேறு அறைக்கு மாற்றுங்கள். தாளின் மேற்பரப்பைச் சுரண்டியது போல் இருந்தால் ராமபாணம் என்கிற வெள்ளிப்பூச்சி. பக்கம் பக்கமாக ஊசித்துளை ஓடினால் புழு. மண் ஒட்டியிருந்தால் கரையான். அப்படியென்றால் அலமாரியையும் சுவரையும் பாருங்கள், புத்தகத்தை மட்டும் சுத்தம் செய்து பயனில்லை.

புழு, ராமபாணம் இரண்டுக்கும் மருந்தில்லாத வழி குளிர்தான். புத்தகத்தைப் பாலிதீன் பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, டேப் போட்டு மூடுங்கள். மேலே இன்னொரு பை. மைனஸ் 18 டிகிரி காட்டும் டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பிரிக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க அப்படியே வைத்துப் பிறகு பிரியுங்கள். உடனே பிரித்தால் தாளில் நீர் கோத்து, அடுத்த வாரம் பூஞ்சை பிடித்துவிடும். அந்துருண்டையைப் பெட்டிக்குள் போட்டு அனுப்பாதீர்கள். திறக்கிற நூலகப் பணியாளரின் மூச்சுக்குக் கேடு, நெடியும் தாளை விட்டுப் போகாது. மொட்டை வெயிலும் வேண்டாம், மதுரை வெயிலில் பழைய தாள் இன்னும் மொறுமொறுத்துவிடும். நிழலில் காற்றாட வைத்து, மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டவே கூடாது. பசை பழுப்பேறி எழுத்தையும் சேர்த்துக்கொண்டு வரும்.

பெட்டிக்கு ஜெராக்ஸ் கடை ஏ4 தாள் பெட்டி சரியான அளவு. ஒன்றில் 15 கிலோவுக்கு மேல் வேண்டாம். படுக்கவைத்து அடுக்குங்கள். நிற்கவைத்தால் முதுகு கீழே இருக்கட்டும். முதுகு மேலே இருந்தால் தாள்கட்டு தொங்கித் தையல் விட்டுப்போகும். தேங்காய்க்கயிறு ஓரத்தை அறுக்கும், உதிர்ந்த புத்தகத்துக்குப் பருத்தி நாடா கட்டுங்கள். பெட்டி எண்ணைப் பட்டியலிலும் போடுங்கள். மொத்தமாக வந்தாலும் 650, 700 கிலோதான், ஒரு குட்டி யானை வண்டி போதும். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் ஏற்றாதீர்கள்.

பதில்: கணக்கர்_மேலமாசி

பணத்துக்கு வருகிறேன். 5 லட்சத்தை வைப்புநிதியில் போட்டு, வட்டியில் ஆண்டுதோறும் செய்யச் சொல்வது ஒரு வழி. 7 விழுக்காடு கிடைத்தாலும் ஆண்டுக்கு 35,000. அதில் சொற்பொழிவு, பரிசு, புத்தகம் என்று மூன்று வேலை வைத்தால் எதுவும் உருப்படியாக நடக்காது. ஒரே வேலை வையுங்கள். என்னைக் கேட்டால் பாதியை இப்போதே செலவாகிற நன்கொடையாகக் கொடுங்கள், நீங்கள் தரும் புத்தகங்களையே பட்டியலிட, பைண்டு செய்ய, சிற்றிதழ்களை ஸ்கேன் செய்ய என்று. நூலடுக்கு ஐயா சொன்ன ஆள் பற்றாக்குறை அதில்தான் தீரும். மீதிக்கு வைப்புநிதி.

கடிதத்தில் நோக்கத்தை எழுதுங்கள். ‘இந்நோக்கம் நடக்க இயலாதபோது நூலகத்தின் வேறு பணிக்குப் பயன்படுத்தலாம்’ என்றும் எழுதுங்கள். இல்லையென்றால் பிற்காலத்தில் பணம் பூட்டிக்கிடக்கும். நிபந்தனையுள்ள கொடை என்பதால் ஆட்சிக்குழு வரை போக வேண்டியிருக்கலாம், பொறுமை வேண்டும். வரைவோலை யார் பெயரில் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பதிவாளர் பெயரில் இருக்கும். தனிநபர் கையில் ரொக்கம் கொடுக்கவே வேண்டாம்.

நன்கொடைக்கான வருமானவரிச் சலுகை (80ஜி என்று சொல்வது) பழைய வரிமுறையில் இருப்பவருக்குத்தான். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. புத்தகமாகக் கொடுத்ததற்கும் கிடையாது, விலை போட்டு ரசீது வாங்கியும் பயனில்லை. கழிவு 100 விழுக்காடா 50 விழுக்காடா என்பது பெறுகிற நிறுவனத்தின் ஒப்புதலைப் பொறுத்தது. பான் எண் கொடுத்து, அவர்கள் வருமானவரித் தளத்தில் பதிந்து எடுத்துத் தரும் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள், வெறும் ரசீது போதாது.

தம்பி விஷயத்தில் கவனம். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் பணம், இந்திய வம்சாவளியானாலும், வெளிநாட்டு நன்கொடைதான். பெறுகிற நிறுவனத்துக்கு 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ விலக்கோ இருக்க வேண்டும். பதிவு உள்ள நிறுவனம் என்றால் பணம் ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். உங்கள் கணக்குக்கு அனுப்பி, உங்கள் பெயரில் கொடுக்கும் குறுக்குவழி வேண்டாம். ஒருவர் வழியாக வந்தாலும் சட்டம் பணத்தின் மூலத்தைத்தான் பார்க்கும். முதலில் எழுதிக் கேளுங்கள், பதில் வந்தபிறகு தம்பி அனுப்பட்டும்.

திருமங்கலம்_மாடிவீடு

மூவருக்கும் நன்றி. பட்டியலை இன்றே ஆரம்பிக்கிறோம். இரண்டு கேள்விகள் மட்டும். பல்கலைக்கழகம் வேண்டாம் என்று சொல்லும் நாவல்களை எங்கே கொடுப்பது? அலமாரி அடியில் இரண்டு ஓலைச்சுவடிக் கட்டும் இருக்கின்றன. எண்ணெய் தடவி வைக்கச் சொல்கிறார் பெரியப்பா.

நூலடுக்கு

நாவல்களுக்கு ஊர்க் கிளை நூலகத்தை முதலில் கேளுங்கள். மதுரை மத்திய சிறை நூலகத்தையும் கேளுங்கள், அங்கே கதைப் புத்தகத்துக்கு வாசகர் உண்டு.

சுவடியில் எண்ணெய் வேண்டாம் என்று பெரியப்பாவிடம் சொல்லுங்கள். எந்த எண்ணெய், எவ்வளவு என்பதை விவரம் தெரிந்தவர்கள் சுவடியைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். சமையல் எண்ணெய் தூசியைப் பிடித்துக்கொள்ளும். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கோ சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கோ முதல் ஏடு, கடைசி ஏடு இரண்டின் படத்தை அனுப்பிக் கேளுங்கள். அதுவரை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். படம் எடுக்கும்போதும் கயிற்றை உருவாதீர்கள். ஏட்டில் எண் தேய்ந்திருந்தால் வரிசையைச் சொல்ல அந்தக் கயிறு மட்டும்தான் மிச்சம்.