பின்வரிசையில் ஒளிய முடியாத ஆட்டம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துக் கல்யாண விருந்துகளில் சாப்பாடு முடிந்ததும் வரிசையாக நின்று ஆடுவார்களே, அந்த அனுபவங்களை இங்கே எழுதுங்கள். நான் தொடங்குகிறேன்.

எங்கள் காலத்து ஆட்டம் போச்சோ-போச்சோ. யோப்பி லாத்துல் பாடிய இந்தோனேசியப் பாட்டு. ரப்பர் தோட்டத்துப் பெண்கள் அதை உடற்பயிற்சி என்று சொல்லித்தான் கற்றுக்கொண்டார்கள். நடனம் என்று சொல்லியிருந்தால் பாதிப் பேரை மாமியார்கள் வீட்டு வாசலைத் தாண்ட விட்டிருக்க மாட்டார்கள்.

வலப்பக்கம் இரண்டடி வைத்துப் பழைய இடத்துக்கு வர வேண்டும். பிறகு பின்னுக்கு நகர்ந்து, முன்னால் வந்து திரும்ப வேண்டும். ஜோடி தேவையில்லை, யாருடைய கையையும் பிடிக்க வேண்டாம். விடியற்காலையில் பால்மரம் வெட்டிவிட்டு (ரப்பர் பால் எடுத்துவிட்டு) வந்த அக்காவும் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) வீட்டு அம்மாவும் ஒரே வரிசையில் நின்றது இதற்காகத்தான்.

கூச்சப்படுகிறவர்கள் கடைசி வரிசைக்கு ஓடுவார்கள். முன்னால் நிற்பவரின் காலைப் பார்த்து ஆடிவிடலாம் என்ற நினைப்பு. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் திசை மாறும். இரண்டு சுற்று முடிந்தால் கடைசி வரிசைதான் முதல் வரிசை! பார்த்து ஆட எந்தக் காலும் இல்லை. எதிரே பிரியாணித் தட்டோடு சம்பந்தி வீட்டார். எங்கள் சின்னம்மா அந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்தவர் மோத, அவர்மேல் இன்னொருவர் மோத, வரிசையே குலைந்தது. இப்போதெல்லாம் அவர் நடுவரிசையை யாருக்கும் விட்டுத்தருவதில்லை. நடுவில் நின்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் முன்னால் ஒருவர் இருப்பார். புதிதாக ஆடுகிறவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான்.

*

அக்கா, மண்டபங்களில் ஒலிபெருக்கி வைத்தவன் எழுதுகிறேன். 1996இல் மக்கரேனா இல்லாமல் எந்த விருந்தும் முடியாது. அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு. காதலன் படையில் சேரப் போன நேரத்தில் அவனுடைய நண்பர்களோடு சுற்றிய பெண்ணைப் பற்றியது. ஸ்பானிய மொழி தெரிந்த தாத்தா ஒருவரும் நம் ஊரில் இல்லாதது என் தொழிலுக்கு நல்லதாகப் போயிற்று.

கையை நீட்டுவது, தோளைத் தொடுவது வரை பாட்டிமார்கள் உற்சாகமாக வருவார்கள். இடுப்பை அசைக்கும் கட்டம் வந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலிக்குத் திரும்பிவிடுவார்கள். 2012இல் வந்த கொரியப் பாட்டான கங்னம் ஸ்டைல் சிறுவர்களோடு நின்றுவிட்டது. அந்தக் குதிரை ஓட்டத்துக்கு முழங்கால் வேண்டுமே. எது எப்படியோ, உறுமி மேளக்காரர்கள் உள்ளே வந்துவிட்டால் என் பெட்டிக்கு வேலை இல்லை. யாரும் வரிசையிலும் நிற்க மாட்டார்கள்.

*

நான் தேசியப் பள்ளி ஆசிரியை. எங்களுக்குப் போச்சோ-போச்சோவைக் கற்றுத்தந்தவர்களே உடன் வேலை பார்த்த மலாய் ஆசிரியைகள்தான். 2011இல் பேராக் ஃபத்வா குழு (இஸ்லாமிய மார்க்கத் தீர்ப்பு வழங்கும் குழு), முஸ்லிம்கள் அதை ஆடக் கூடாது என்று அறிவித்தது. அந்த ஆண்டு ஆசிரியர் தின விருந்தில் அவர்கள் உட்கார்ந்திருக்க, நாங்கள் மட்டும் எழுந்து ஆடுவது சரியாகப் படவில்லை. பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கும்மி அடித்தோம். கும்மி எனக்கு எப்போதுமே பயம்தான். வரிசையில் அடி தவறினால் பின்னால் இருப்பவர்தான் பார்ப்பார். வட்டத்தில் எல்லாரும் பார்ப்பார்கள். மலாய்த் தோழியர் நாற்காலியில் இருந்தபடியே கைதட்டித் தாளம் போட்டார்கள், எங்களைவிடச் சரியாக.

2018 ஆகஸ்டில் ஜகார்த்தாவில் சுமார் 65,000 பேர் போச்சோ-போச்சோ ஆடிக் கின்னஸ் சாதனை படைத்தார்கள் அல்லவா? அந்தக் காணொளியை எனக்கு அனுப்பியவர் அந்த மலாய்த் தோழியரில் ஒருவர். “இதில் எத்தனை பேர் உன்னைப்போல் தப்பான பக்கம் திரும்பியிருப்பார்கள்?” என்று கீழே எழுதியிருந்தார்.