மறு: ‘அஃபோர்டன்ஸ்’ – ‘வாகு’ சரிப்படுமா?

வணக்கம். ஒரு பொருள் ஒருவருக்கு எதைச் செய்ய இடம் தருகிறது என்பதைக் குறிக்கும் ‘அஃபோர்டன்ஸ்’ (affordance) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘வாகு’ என்று வைக்கலாம் என்றிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> இயலுமை என்றே வைத்துக்கொள்ளலாமே?

இயலுமை என்றதும் எனக்கு ஆளின் திறமைதான் மனதில் வருகிறது. இங்கே பேச்சு ஆளைப் பற்றி மட்டும் இல்லையே. ‘பயன்பாட்டுச் சாத்தியம்’ என்று வைத்தாலோ அது விளக்கம்தான், சொல் இல்லை. ஒரு பொத்தானைப் பற்றி நாலு வரி எழுதுவதற்குள் மூச்சு வாங்கும்.

அஃபோர்டன்ஸ் என்ற சொல்லை உருவாக்கிய உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன் சொன்னது, பொருளுக்கும் உயிருக்கும் நடுவில் இருக்கும் ஓர் உறவை. முழங்கால் உயரத் திண்ணை நமக்கு உட்கார இடம் தருகிறது. தவழும் குழந்தைக்கு அதுவே சுவர். திண்ணை மாறவில்லை, ஆள்தான் மாறியிருக்கிறது.

இதைத்தான் அடுப்படியில் தினமும் சொல்கிறோம். ‘இந்த அரிவாள்மனை அம்மாவுக்கு வாகு, எனக்கு வாகாயில்லை.’ யாருக்கு என்பதையும் சேர்த்தே இந்தச் சொல் கேட்கிறது. கிப்சன் பக்கம் பக்கமாக விளக்கியதை நம் நான்காம் வேற்றுமை செய்துவிடுகிறது!

> வாகு என்றால் தோள். உடல்வாகு என்றும் சொல்கிறோம். குழப்பாதா?

தோள் என்ற பொருள் வடமொழி வழி வந்தது, செய்யுளோடு சரி. உடல்வாகு இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு உறுத்துவது வேறு. வாகில் ‘வசதி’ என்ற நல்ல வாசனை இருக்கிறது. கிப்சனோ நன்மை, தீமை இரண்டையும் சேர்த்தார். மலை விளிம்பு விழவும் இடம் தரும். ‘விழ வாகான விளிம்பு’ என்றால் சிரிப்பு வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘தவறுதலாக அழிக்க வாகான பொத்தான்’ என்று எழுதிப் பாருங்கள். சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது. இடைமுகம் பற்றி எழுத எனக்கு அது போதும்.

அப்புறம் இன்னொன்று. 1988இல் அறிதல் அறிவியலாளர் டொனால்ட் நார்மன் அஃபோர்டன்ஸ் என்ற சொல்லை வடிவமைப்புத் துறைக்குக் கொண்டுவந்தார். வடிவமைப்பாளர்கள் திரையில் ஒரு படவுரு வரைந்துவிட்டு ‘அஃபோர்டன்ஸ் வைத்துவிட்டேன்’ என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அதனால் அவரே பின்னால் ‘சிக்னிஃபையர்’ என்று தனியாகப் பிரித்தார். தொடுதிரைக் கண்ணாடி முழுவதும் தொட வாகுதான். எங்கே தொட்டால் வேலை நடக்கும் என்று காட்டுவதுதான் சிக்னிஃபையர். 2013இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 7 பல பொத்தான்களின் கட்டத்தை எடுத்துவிட்டு வெறும் நிற எழுத்தை வைத்தது. எது பொத்தான், எது வெறும் எழுத்து என்று பலர் திணறினார்கள். அடுத்த ஆண்டே பொத்தான் வடிவத்தைக் காட்ட ஓர் அமைப்பைச் சேர்த்தார்கள். அங்கே வாகு குறையவில்லை.

குறைந்துபோனது சிக்னிஃபையர்தான். அதை ‘சாடை’ என்பேன். ‘குறிப்பான்’ என்று வைக்கலாம்தான், ஆனால் அதை மொழி, இலக்கிய ஆய்வில் அமைப்பியல் (ஸ்ட்ரக்சுரலிசம்) பேசுகிறவர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். சாடை பேசுவது வம்பு என்று யாராவது சொல்வீர்கள், தெரியும். வேறு நல்ல சொல் இருந்தால் தாருங்கள். அதுவரை வாகை மட்டுமாவது சொற்பட்டியலில் ஏற்றிவிடலாமா?