‘தொல்குடி விம்பம்’ பொருந்துமா?

கிளிநொச்சியிலிருந்து:
குழுமத்தாருக்கு வணக்கம். உயர்தர வகுப்புக்கென ஒரு கட்டுரையை மொழிபெயர்க்கிறேன். திங்கட்கிழமை கையளிக்க வேண்டும். ஒரு நாடு தன் மண்ணின் முதற்குடிகளைக் காசிலும் முத்திரையிலும் வரைந்து, அந்த வரைவைக் காட்டியே ‘நாம் இன்னார்’ என்று சொல்லிக்கொள்வதற்கு ஒரு சொல் வேண்டும். அமெரிக்காவில் 1859 முதல் 1909 வரை அடித்த ஒரு சதக் காசைச் ‘செவ்விந்தியர் தலை’ என்றே அழைத்தார்கள்; ஆனால் அதில் இருப்பது சுதந்திர தேவியின் முகம், இறகு முடி மட்டுமே அவர்களுடையது. ‘ஆதிவாசிப் படம்’ என்று எழுதிப் பார்த்தேன், சுற்றுலாப் பலகை போல இருக்கிறது.

மாங்குளத்திலிருந்து:
‘தொல்குடிப் படிமம்’ என்று எழுதுங்கள், தங்கச்சி. ஆதியும் வேண்டாம், வாசியும் வேண்டாம், இரண்டும் வடசொல்.

வவுனியாவிலிருந்து:
படிமமும் பிராகிருதத்தில் ‘படிமா’வாக இருந்ததுதான், அண்ணை, முன்கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்படலையைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். நான் பௌதிகவியல் படிப்பிப்பவன். தளவாடிக்குப் பின்னால் தெரியும் மாய விம்பத்தைப் பிள்ளைகள் அறிவார்கள்: அங்கிருந்து கதிர்கள் வருவதுபோலத் தோன்றும், போய்ப் பார்த்தால் ஒன்றுமிராது. மாதுறு ஓயாக் காட்டை 1983இல் தேசியப் பூங்காவாக்கி, இலங்கையின் முதற்குடிகளான வேடரின் வேட்டையைத் தடுத்த பின்னும், சுற்றுலாப் படங்களில் அவர்கள் வில்லும் கோடரியுமாகவே நிற்கிறார்கள். ஆகவே ‘தொல்குடி விம்பம்’.

ஒட்டுசுட்டானிலிருந்து:
விம்பம் சரி, ‘குடி’ இடறுகிறது. மட்டக்களப்பில் குடி என்றால் தாய்வழிக் குலம். வேடர் தங்களை ‘வன்னியலா எத்தோ’, அதாவது காட்டு மக்கள், என்கிறார்கள். அந்த வன்னியும் நம் வன்னி நிலமும் ஒன்றா, வன்னி என்பது மரமா, தீயா என்று தொடங்கினால் திங்கள் அல்ல, தைப்பொங்கலும் வந்துவிடும். நம்மிடமும் ஒரு விம்பம் உண்டு, அக்கா. வேடர் மகள் வள்ளியையும் கண்ணப்பரையும் கும்பிடுகிறோம். வாகரைப் பக்கத்தில் தமிழ் பேசி மீன்பிடிக்கும் வேடரோ எவருடைய படத்திலும் இல்லை. எனவே சொல்லில் வரைந்தவனும் தெரிய வேண்டும்: ‘பிறர் வரைந்த தொல்குடி’.

மாங்குளத்திலிருந்து:
அது கலைச்சொல் அல்ல, தம்பி, வசனம்.

கிளிநொச்சியிலிருந்து:
நேரமில்லாததால் ‘தொல்குடி விம்பம்’ என்றே இட்டு, ‘பிறர் வரைந்தது’ என்பதை அடைப்புக்குறிக்குள் சேர்த்து அனுப்பிவிட்டேன்.

மாங்குளத்திலிருந்து:
அனுப்பியது இருக்கட்டும். என் பிரதியில் படிமம் என்றே திருத்தி வைத்திருக்கிறேன்.