குளியலறை கீசர்: நானே சரிசெய்யலாமா, எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டுமா?

கீசரைப் போட்ட சில நிமிடங்களில் வீட்டின் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்து மின்சாரம் நின்றுவிடுகிறது. போன மாதம் எப்போதாவது நடந்தது. இப்போது ஒவ்வொரு முறையும்.

25 லிட்டர், 2000 வாட் கீசர், ஆறு ஆண்டுப் பழையது. ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர். கீசரின் பிளக்கைக் கழற்றினால் விளக்கு, எக்ஸாஸ்ட் ஃபேன் எல்லாம் ஒழுங்காக ஓடுகின்றன. அதே 16 ஆம்பியர் சாக்கெட்டில் இஸ்திரிப் பெட்டியைச் செருகிப் பார்த்தேன், விழவில்லை. ஆகவே மின்கசிவு ஹீட்டிங் எலிமெண்டில்தான் என்று நினைக்கிறேன். அதைச் சர்வீஸ் ஆளிடம் விட்டுவிடுவேன்.

என் கவலை வேறு. மெயினை அணைத்துச் சாக்கெட்டைத் திறந்தபோது நியூட்ரல் திருகு கருகியிருந்தது. அந்த ஒயரின் உறை, விரல் பட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அப்படியே மூடி, மெயினுக்குப் பக்கத்திலுள்ள கீசர் எம்சிபியை (அதிக மின்னோட்டம் போனால் தானாக அணையும் சுவிட்ச்) அணைத்து வைத்திருக்கிறேன். ஆர்சிசிபியைத் தவிர்த்து நேரடி இணைப்பு கொடுக்கச் சிலர் சொல்கிறார்கள். குழந்தைகள் குளிக்கும் இடம், அதை நிச்சயம் செய்ய மாட்டேன்.

அறைகளில் சாக்கெட் மாற்றிப் பழக்கம் உண்டு. ஈரமான இடத்தில் செய்ததில்லை. கருகிய நுனியை வெட்டிவிட்டுப் புதுச் சாக்கெட்டை நானே பொருத்தினால் போதுமா, அல்லது எம்சிபி வரை ஒயரையே மாற்ற எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டுமா?